மண்டைக்குள் ஒரு தோட்டத்து ஆபீஸ்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் அந்தச் சிரசுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது, அதற்கு ஆபத்து வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்று நம்மில் பலருக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் எனக்கே அது வெகுகாலம் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் எனக்குப் புத்தகத்தினால் வரவில்லை. என் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தினால் வந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1990களின் தொடக்கம். மலாக்கா மாநிலத்தில் ஜாசின் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் எழுந்து, கோப்பி குடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவது அவர் வழக்கம். அன்று காலையில் கோப்பிக் கோப்பை அவருடைய வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. அம்மா என்னவென்று கேட்டார். அப்பா ஏதோ சொல்ல முயன்றார்; வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

லயமே கூடிவிட்டது. "காத்து அடிச்சிருக்கும்" என்றார் ஒருவர். "சூடு ஏறிடுச்சு" என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுப் பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சிக் கையையும் காலையும் தேய்த்தார். வாயில் வெந்நீர் ஊற்றினார்கள். பாதி வெளியே வழிந்தது, மீதி புரை ஏறியது. கோயிலிலிருந்து திருநீறு வந்தது. எல்லாரும் அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் அப்பாவை ஒரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பிற்பகல் மூன்று மணி ஆகியிருந்தது.

அப்பா பிழைத்தார். ஆனால் உளி பிடித்த கை மறுபடியும் உளி பிடிக்கவில்லை. எதைக் கேட்டாலும் "ஆமா" என்ற ஒரே சொல்தான் வந்தது. பசிக்கிறதா? "ஆமா." வேண்டாமா? "ஆமா." தோட்டத்தில் வேலை இருந்தால்தான் வீடு. ஆகவே அப்பாவின் மரங்களை அம்மா வெட்டத் தொடங்கினார்.

அப்பாவின் கைக்கு ஒரு காயமும் இல்லை. நாக்குக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் கை தூக்கவில்லை? ஏன் பேச்சு வரவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் மூளையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்கு வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

தேங்காய்க்குள் தேங்காய்

மூளை நிறைய மடிப்புகள் உள்ள மெத்தென்ற ஒரு பொருள். தோல் நீக்கிய பெரிய அக்ரூட் பருப்பைப் போலத் தோற்றம். தொட்டால் கெட்டித் தயிரைப் போல் குழையும். எடை 1.3 கிலோ முதல் 1.4 கிலோ வரை. நம் உடம்பின் எடையில் இது நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது! நாம் தூங்கும்போதும் அதன் செலவு பெரிதாகக் குறைவதில்லை. இந்தச் செலவுக்கு வேண்டிய பிராணவாயுவும் சர்க்கரையும் இரத்தத்தின் வழியாகத்தான் வருகின்றன. மூளைக்கென்று சேமிப்புக் கிடங்கு எதுவும் கிடையாது. இரத்தம் நின்றுபோனால் சில நிமிடங்களிலேயே அது கெடத் தொடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

இவ்வளவு மென்மையான பொருளை இயற்கை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறது பாருங்கள். வெளியே மண்டை ஓடு. அதற்குள் மூன்று உறைகள். அந்த உறைகளுக்கு இடையில் தண்ணீர் போன்ற ஒரு திரவம். தேங்காய்க்குள் இளநீர் இருப்பதுபோல என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஆனால் இங்கே அந்தத் திரவம் பருப்பைச் சுற்றி வெளியிலும் இருக்கிறது. மூளை அதில் மிதக்கிறது. மொத்தம் 150 மில்லி லிட்டர், ஒரு சின்ன டீ கிளாஸ் அளவுதான். அந்தக் கிளாஸ் திரவம்தான் நாம் ஓடும்போதும் குதிக்கும்போதும் மூளை ஓட்டில் இடிபடாமல் காக்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. உடம்பு முழுவதன் வலியையும் உணர்வது மூளைதான். ஆனால் மூளைக்குத் தன் வலி தெரியாது. அதைத் தொட்டாலும் வெட்டினாலும் அதற்கு வலிக்காது. அதனால்தான் சில மூளை அறுவைச் சிகிச்சைகளில் நோயாளியை விழித்திருக்க வைத்து, அவரோடு பேசிக்கொண்டே டாக்டர்கள் வேலை செய்கிறார்கள். தலைவலி என்று நாம் சொல்வது மூளையைச் சுற்றியுள்ள உறைகள், இரத்தக் குழாய்கள், தசைகள் இவற்றின் வலி.

ஆபீசில் யார் யார்?

ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துரை இருக்கிறார், கிராணி இருக்கிறார், மண்டோர் இருக்கிறார், இராக் காவலர் இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. மூளையும் அப்படித்தான்.

மேலே பெரிதாகத் தெரிவது பெருமூளை. அதுதான் துரையின் அறை. இடம், வலம் என இரண்டு பாதிகள். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி யோசிப்பது, திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது ஆகிய வேலைகளைச் செய்கிறது. அதன் பின்விளிம்பில் கை கால்களை அசைக்க உத்தரவு கொடுக்கும் பகுதி இருக்கிறது. உச்சந்தலைப் பக்கம் உள்ள பகுதி தொடுதல், சூடு, குளிர், வலி இவற்றை அறிகிறது. காதுக்கு மேலே உள்ள பகுதி ஓசைகளைக் கேட்கிறது, நினைவுகளைப் பதிய வைக்க உதவுகிறது. பிடரிப் பக்கம் உள்ள பகுதி பார்ப்பதற்கு. ஆம், கண் முன்னால் இருந்தாலும் பார்வை என்பது பின்னந்தலையில்தான் நடக்கிறது!

பெருமூளைக்குக் கீழே பிடரியில் இருப்பது சிறுமூளை. அளவில் சிறியதானாலும் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இங்கேதான் இருக்கின்றன. உடம்பைச் சமநிலையில் நிறுத்துவதும், கைவேலையைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவதும் இதன் பொறுப்பு. புதிதாக மரம் வெட்ட வருகிறவர் பட்டையில் ஆழம் தெரியாமல் மரத்தைக் காயப்படுத்திவிடுவார். பல மாதம் பழகிய பிறகு, அரை இருட்டில், வேறு எதையோ நினைத்துக்கொண்டு, மெல்லிய ஒரு சீவலை அளவாக எடுப்பார். "கைக்கு வந்துவிட்டது" என்கிறோம். உண்மையில் அது சிறுமூளைக்கு வந்துவிட்டது. படிப்பறிவு இல்லாத கூலி என்று நம்மை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களை அளவு பிசகாமல் வெட்டிய கைகளுக்குப் பின்னால் அபாரமாகப் பழகிய ஒரு மூளை இருந்தது.

இவ்விரண்டுக்கும் நடுவே கீழ்நோக்கி இறங்குவது மூளைத்தண்டு. அதன் அடிப்பகுதிக்கு முகுளம் என்று பெயர். இவர்தான் இராக் காவலர். மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல், இருமல் எல்லாம் இவருடைய காவலில் நடக்கின்றன. நாம் தூங்கினாலும் இவர் தூங்குவதில்லை. பிடரியில் பலமாக அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முகுளத்தில் ஒரு விந்தை நடக்கிறது. பெருமூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் கம்பிகளில் பெரும்பாலானவை இங்கே பக்கம் மாறுகின்றன. இடமூளை வலக்கையை ஆள்கிறது. வலமூளை இடக்கையை ஆள்கிறது. பேச்சு மட்டும் பெரும்பாலோருக்கு இடமூளையில்தான் இருக்கிறது. 1860களில் பாரிஸ் நகரில் புரோக்கா என்ற டாக்டர் இதைக் கண்டு சொன்னார். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு "டான்" என்ற ஒரே ஒலிதான் வாயில் வந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடப்பக்கத்தின் முன்பகுதி கெட்டிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வலக்கை விழுந்தது, பேச்சு போனது, "ஆமா" என்ற ஒரு சொல் மட்டும் எஞ்சியது. அப்படியானால் அப்பாவுக்கு அடிபட்டது கையில் அல்ல, நாக்கில் அல்ல, மூளையின் இடப்பக்கத்தில். நாங்கள் எண்ணெய் தேய்த்த இடத்துக்கும் நோய் இருந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை!

கம்பியும் தந்தியும்

ஆபீஸ் இருந்தால் போதுமா? உத்தரவு காட்டுக்குப் போக வேண்டாமா? அதற்குத்தான் நரம்பு மண்டலம். மூளைத்தண்டிலிருந்து முதுகெலும்பின் நடுவே சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் இறங்குகிறது. வளர்ந்த மனிதரில் அதன் நீளம் ஏறக்குறைய 45 சென்டி மீட்டர். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் உடம்பெங்கும் பிரிகின்றன. மூளையிலிருந்தே நேராக 12 ஜோடி நரம்புகள் கண், காது, முகம், நாக்கு, இதயம், வயிறு என்று போகின்றன.

இவை எல்லாம் நரம்பணுக்களால் ஆனவை. மூளையில் மட்டும் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. ஒவ்வொரு நரம்பணுவுக்கும் கிளைகள் உண்டு, நீண்ட ஒரு வாலும் உண்டு. செய்தி அந்த வாலின் வழியே மின்சாரமாக ஓடுகிறது. மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை போடுவதுபோல, வேகமாகச் செய்தி அனுப்ப வேண்டிய நரம்புகளுக்கு இயற்கை ஒரு கொழுப்பு உறை போட்டிருக்கிறது. உறையுள்ள நரம்பில் செய்தி விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் ஓடும். உறையில்லாத நரம்பில் விநாடிக்கு ஒரு மீட்டர்தான். வாசற்படியில் கால் கட்டை விரலை இடித்துக்கொண்டால், இடித்தது உடனே தெரிகிறது, "அம்மா!" என்று அலற வைக்கும் அந்த நோவு கொஞ்சம் பொறுத்துத்தான் வருகிறது. தொடு உணர்வு வேகமான கம்பியில் வந்தது. நோவு மெதுவான கம்பியில் பின்னால் வந்தது.

ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. மின்சாரம் அந்த ஓரத்துக்கு வந்ததும் ஒரு துளி இரசாயனம் சுரந்து, இடைவெளியைக் கடந்து, அடுத்த அணுவைத் தட்டி எழுப்புகிறது. வேலை முடிந்ததும் அந்த இரசாயனம் உடனே துடைக்கப்பட வேண்டும். துடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அது நம் தோட்டத்து விஷயம்.

எல்லா உத்தரவும் துரையிடமிருந்து வர வேண்டியதில்லை. முள்ளை மிதித்தால் கால் தானாக மேலே தூக்கிக்கொள்கிறது. அந்த உத்தரவைத் தண்டுவடமே கொடுத்துவிடுகிறது. மூளைக்கு விவரம் பிறகுதான் போகிறது. நல்ல மண்டோர் அவசரத்தில் தானே முடிவெடுத்துவிட்டுப் பிறகு ஆபீசுக்குச் சொல்வதுபோல!

வகுப்பில் ஒரு சோதனை

என் மாணவர்களை வைத்து ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்வேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒருவர் அடிக்கோலை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் கீழ்நுனியின் இரு பக்கமும் விரல்களைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் 15 அல்லது 20 சென்டி மீட்டர் நழுவிய பிறகுதான் பிடிபடும். கண் பார்த்து, மூளை அறிந்து, கைக்கு உத்தரவு வந்து சேர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று அர்த்தம்.

"ஐந்தில் ஒரு பங்குதானே டீச்சர்!" என்று சிரிப்பார்கள். அப்போது மோட்டார் சைக்கிள் கணக்கைச் சொல்வேன். அடிக்கோலுக்காக நாம் காத்திருந்தோம். சாலையில் மாடு குறுக்கே வரும் என்று காத்திருப்பதில்லை. ஆகவே பிரேக் பிடிக்க ஒரு விநாடியாவது ஆகும். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. நம் வகுப்பறை இரண்டின் நீளம்! அவ்வளவு தூரம் வண்டியை மூளை ஆளவில்லை. மண்டை தரையில் மோதினால் ஓடு நின்றுவிடும். உள்ளே மிதக்கும் மூளை நிற்காது, ஓட்டின் உட்புறத்தில் மோதி நசுங்கும். அந்த ஒரு கிளாஸ் திரவம் அதைத் தாங்காது. மலேசியாவில் 1973 முதல் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். ஆனால் நம் பிள்ளைகள் "கடைக்குத்தானே" என்று கையில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். வாரைப் பூட்டாமல் போகிறார்கள். பூட்டாத தலைக்கவசம் தலைக்கு முன்னால் கீழே விழும், அவ்வளவுதான்.

தமிழர் ஒருவரின் கண்ணாடிப் பெட்டி

மூளையை ஆராய்ந்தவர்களில் நம்மவர் பெயர்களும் உண்டு. இந்தியாவில் மூளை அறுவைச் சிகிச்சை ஒரு தனித் துறையாகக் காலூன்றியது தமிழ்நாட்டில்தான். 1949-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார்.

அவர்களுக்குப் பின் வந்தவர் வி.எஸ். இராமச்சந்திரன். 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியரானவர். கை வெட்டி எடுக்கப்பட்டவர்கள் பலர், இல்லாத அந்தக் கை இன்னும் இருப்பதாகவும் அது வலிப்பதாகவும் சொல்வார்கள். "பிரமை" என்று ஊரார் ஒதுக்குவார்கள். இராமச்சந்திரன் ஒதுக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் கன்னத்தை அவர் பஞ்சால் தொட்டபோது, இல்லாத கையைத் தொடுவதாக அவர் சொன்னார்! காரணம் என்ன? மூளையில் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் உண்டு. கைக்கு உரிய இடமும் முகத்துக்கு உரிய இடமும் அக்கம் பக்கம். கை போன பிறகு காலியான இடத்தை முகத்தின் செய்திகள் பிடித்துக்கொண்டன.

1990களில் அவர் ஒரு பெட்டிக்குள் சாதாரண நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தினார். இருக்கும் கையைப் பெட்டிக்குள் விட்டு அசைத்தால், கண்ணாடியில் தெரியும் பிம்பம் இல்லாத கை அசைவதுபோல் தெரியும். அதைப் பார்த்த சிலருக்கு நெடுநாள் வலி குறைந்தது. பெரிய இயந்திரம் இல்லை; சில வெள்ளி பெறும் ஒரு கண்ணாடி! பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் இன்று கண்ணாடி முறை பயன்படுகிறது. மூளை ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான் என்ற பழைய எண்ணம் மாறிவிட்டது. பயிற்சி கொடுத்தால் பக்கத்து இடங்கள் ஓரளவுக்குப் புது வேலையைக் கற்றுக்கொள்கின்றன.

பக்கத்து மாநிலத்தில் வந்த மூளைக் காய்ச்சல்

மூளைக்கு எதிரிகள் பலர். நம் அண்டை மாநிலத்தில் வந்த ஓர் எதிரியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல், தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு. நோய் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்குப் பரவியது. கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. கொசுவினால் வருவதென்றால் பிள்ளைகளை அல்லவா அதிகம் தாக்க வேண்டும்? இதுவோ பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்களைத் தாக்கியது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அந்தப் புதிய கிருமியைப் பிரித்துக் கண்டார். நோயாளி வாழ்ந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த கிருமி அது. மலேசியாவில் 265 பேரைப் பிடித்தது. 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே நோய் அடங்கியது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பிதற்றல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னவும் விடக்கூடாது.

மருந்து டின்னில் எண்ணெய் வேண்டாம்

நரம்பணுக்களுக்கு இடையில் சுரக்கும் இரசாயனத்தை உடனே துடைக்க வேண்டும் என்றேன் அல்லவா? சில பூச்சி மருந்துகள் அந்தத் துடைப்பத்தையே பிடித்து வைத்துக்கொள்கின்றன. செம்பனையில் இலை தின்னும் புழுக்களைக் கொல்லப் பயன்படுத்தப்பட்ட மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் போன்றவை அந்த வகை. துடைக்கப்படாத இரசாயனம் தட்டிக்கொண்டே இருக்கும். வியர்வை கொட்டும், வாயில் நீர் வடியும், கண்மணி சுருங்கும், வயிறு பிசையும், தசை துடிக்கும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். களைக்கொல்லியான பாராகுவாட் வேறு வகை. அது நுரையீரலைக் கெடுப்பது. மலேசியாவில் அது 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

2013 ஜூலையில் இந்தியாவில் பீகார் மாநிலத்தின் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. பள்ளி ஆசிரியராக இருக்கும் எனக்கு அந்தச் செய்தி இன்றும் நெஞ்சில் முள். நம் வீடுகளிலும் காலி மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தது. எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். மருந்து அடித்து வந்தவர்கள் உடை மாற்றிக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடையைத் தனியே துவையுங்கள்.

சர்க்கரையும் கால் நரம்பும்

மற்றோர் எதிரி சத்தமில்லாதவன். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நீளமான நரம்புகள் முதலில் கெடுகின்றன. ஆகவே பாதம் மரத்துப்போகிறது. ஆணி குத்தினாலும் தெரியாது. புண் பெருத்த பிறகுதான் தெரியும். காலையே எடுக்க வேண்டி வரும். நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைப் பார்க்க வேண்டும். கண் மங்கினால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். என் மாணவர்களுக்கு இதை வீட்டுப் பாடமாகவே கொடுத்திருக்கிறேன்.

ஒரு நிமிடத்தின் விலை

இப்போது அப்பாவிடம் திரும்புவோம். அவருக்கு வந்தது பக்கவாதம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ அது வருகிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை இவை அதற்கு வழி அமைப்பவை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எண்ணெய் காய்வதற்குள் எத்தனை நிமிடம்? திருநீறு வருவதற்குள் எத்தனை நிமிடம்?

அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து பக்கவாதத்துக்கு 1996-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்பாவுக்கு வந்த காலத்தில் அது இல்லை. ஆகவே காலையிலேயே கொண்டுபோயிருந்தாலும் அந்தக் கை திரும்பியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இன்று அந்த மருந்து இருக்கிறது. நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முந்தினால் முந்திய அளவுக்கு நன்மை. மருந்து வந்துவிட்டது, நம் பழக்கம் மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தோடு அங்கேயே நிற்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடையாளம் மூன்று. சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள்: ஒரு கை கீழே விழுகிறதா? தம் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்: பேச்சு குழறுகிறதா? திடீரென்று இதில் ஒன்று கண்டாலும் 999-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், புரை ஏறும். அடைப்பா, வெடிப்பா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வெடிப்பாக இருந்தால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உயிருக்கே உலை வைக்கும். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். பெரிய மழைக்கு முன் விழும் தூறல் அது. சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டியில் ஏற்றிய பிறகு கும்பிடுங்கள்.

அப்பா அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். "ஆமா"வைத் தவிர வேறு சொல் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் என் தங்கையின் குழந்தை தொட்டிலில் அழுதது. அப்பா இடக்கையால் தொட்டிலை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, எங்களுக்குச் சின்ன வயதில் பாடிய தாலாட்டைச் சொல் சொல்லாகப் பாடினார். அம்மா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார். பேசும் இடம் கெட்டாலும் சிலருக்குப் பாட்டு மிஞ்சும், பாட்டில் வலமூளைக்கும் பங்கு உண்டு என்று நான் பிறகுதான் படித்தேன். முன்னமே தெரிந்திருந்தால் அவரைத் தினமும் பாட வைத்திருப்போம். பாட்டின் வழியே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் முறையும் இருக்கிறது.

அப்பாவின் உளி இன்றும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது மறக்காமல் எடுத்து வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தாளில் அந்த மூன்று அடையாளங்களையும் 999-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இன்றே ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள், எழுதியவர்களுக்கு மறக்காது.